வாசகர் கேள்விகள்: தூக்குமேடைக்காகக் காத்திருந்த புத்தகம்

சென்ற இதழில் 2005-இல் வெளிவந்த ‘கபோட்டி’ என்னும் திரைப்படத்தைப் பற்றி அரைப் பக்கம்தான் எழுதியிருந்தேன். உண்மையில் நடந்த ஒரு கொலையைப் பற்றிப் புத்தகம் எழுதப்போன அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியின் ஆறு ஆண்டுகளைச் சொல்லும் படம் அது. செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் அதைக் குறித்து இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எனவே வழக்கமான கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அந்தப் படத்துக்கே தருகிறேன்.

நான்கு பேர் கொல்லப்பட்ட வழக்கைப் பற்றிய படம் என்று எழுதியிருந்தீர்கள். பார்த்தால், கொலை சில நிமிடங்கள்தான் வருகிறது. இறந்தவர்கள் யார் என்பதே எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. முழுக்க அந்த எழுத்தாளரே நிறைந்திருக்கிறார். இது என்ன நியாயம்?
*– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், செம்பூர்*

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1959 நவம்பர் 15 அதிகாலையில், கான்சாஸ் மாநிலத்தில் ஹோல்கோம்ப் என்ற சிற்றூரில், ஹெர்பர்ட் கிளட்டர் என்ற வசதியான விவசாயியும், அவர் மனைவி போனியும், 16 வயது மகள் நான்சியும், 15 வயது மகன் கென்யனும் தங்கள் வீட்டிலேயே கட்டிப்போடப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வீட்டில் பத்தாயிரம் டாலர் வைத்த இரும்புப் பெட்டி இருப்பதாகச் சிறையில் உடனிருந்த ஒருவன் சொன்னதை நம்பி, ரிச்சர்ட் ஹிக்காக், பெர்ரி ஸ்மித் என்ற இருவர் அங்கே போனார்கள். அப்படி ஒரு பெட்டியே அங்கு இல்லை. அவர்கள் கொண்டுபோன ரொக்கம் ஐம்பது டாலருக்கும் குறைவு.

மறுநாள் நியூயார்க் டைம்ஸில் வந்த சிறு செய்தியைப் பார்த்துத்தான் கபோட்டி புறப்பட்டார். அப்போது அவர் எழுத நினைத்தது கொலையாளிகளைப் பற்றி அல்ல. கதவைத் தாழிடாமல் தூங்கிப் பழகிய ஓர் ஊர், இப்படி ஒன்று நடந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரரையே சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குவது எப்படி என்பதைத்தான். டிசம்பர் 30 அன்று லாஸ் வேகாஸில் இருவரும் பிடிபட்ட பிறகு அவருடைய பார்வை ஊரிலிருந்து நகர்ந்து பெர்ரி ஸ்மித்தின் மேல் போய் நின்றுவிட்டது. இயக்குநர் பென்னெட் மில்லரும் திரைக்கதையாசிரியர் டான் ஃபட்டர்மனும் அந்த நகர்வையே கதையாக எடுத்துக்கொண்டார்கள். ஜெரால்டு கிளார்க் 1988-இல் வெளியிட்ட கபோட்டியின் வாழ்க்கை வரலாறே அவர்களுக்கு ஆதாரம் என்பதால், படம் எழுத்தாளரைச் சுற்றிவருவதில் வியப்பில்லை.

இருந்தாலும் உங்கள் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. கபோட்டி சவப்பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்க்கும் காட்சியில் நமக்குத் தெரிவது பஞ்சு சுற்றிய ஒரு முகம் மட்டும்தான். படம் முடியும்வரை நான்சிக்கும் கென்யனுக்கும் கிடைக்கும் இடம் ஏறத்தாழ அவ்வளவே.

அவர் பெயரைக் கபோட் என்பதா, கபோட்டி என்பதா? எங்கள் வீட்டில் இதற்கே சண்டை.
*– முலுண்ட் வாசகி*

கபோட்டிதான். பிறந்தபோது அவர் ட்ரூமன் பெர்சன்ஸ். தாயின் இரண்டாம் கணவர் வழியாக வந்த பெயர் இது. யார் ஜெயித்தார்கள் என்று எழுதுங்கள்.

இதழியல் படிக்கிறேன். எங்கள் வகுப்பில் இந்தப் படத்தை வைத்து ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. பெர்ரி ஸ்மித்துக்குக் கபோட்டி நண்பரா, அல்லது அவரைப் பயன்படுத்திக்கொண்டவரா? வகுப்பில் பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறுபக்கம். நீங்கள் எந்தப் பக்கம்?
*– கல்லூரி மாணவி, மாட்டுங்கா*

படத்தின் தொடக்கத்தில் வரும் ஒரு சிறு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். இறந்துபோன நான்சியின் தோழி பேசத் தயங்குகிறாள். கபோட்டி அவளிடம் கேள்வி கேட்பதில்லை. தன் குரலையும் நடையையும் பார்த்துச் சிறு வயதிலிருந்தே மற்றவர்கள் தன்னைத் தவறாக எடைபோட்டதைச் சொல்கிறார். அவர் தன்னைப் பற்றி ஒரு பிடி கொடுத்ததும், அவள் தன்னிடம் இருப்பதை மரக்கால் மரக்காலாக அளக்கத் தொடங்கிவிடுகிறாள். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் எந்த இடத்தில் எதைச் சொன்னால் எது கிடைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பெர்ரியிடமும் இதேதான் நடக்கிறது, பல மடங்கு ஆழத்தில். இருவருமே பெற்றோரால் கைவிடப்பட்ட பிள்ளைகள். இருவருடைய தாயாரும் குடிக்கு இரையானவர்கள். தாங்கள் இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்து, ஒருவன் முன்வாசல் வழியாகவும் மற்றவன் கொல்லை வழியாகவும் வெளியேறியது போல் இருக்கிறது என்று கபோட்டி சொல்லும்போது அவர் நடிக்கவில்லை என்றே நான் நம்புகிறேன். சிறையில் பட்டினி கிடக்கும் பெர்ரிக்குக் குழந்தைகளுக்கான உணவைத் தன் கையால் ஊட்டிவிடும்போதும் நடிக்கவில்லை. அதே மனிதர்தான், புத்தகத்துக்குத் தலைப்பு வைத்தாயிற்றா என்று பெர்ரி கேட்டால் மழுப்புகிறார். ‘இன் கோல்ட் பிளட்’, அதாவது ஈரமில்லாத நெஞ்சோடு செய்த கொலை என்று பொருள்படும் தலைப்பை நியூயார்க்கில் கூட்டம் கூட்டி அறிவித்துவிட்டு, பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்ட பெர்ரி கேட்கும்போது, அது நிகழ்ச்சி நடத்தியவர்கள் வைத்த பெயர் என்கிறார்.

இதைவிடக் கனமான விஷயம் காத்திருப்பு. அந்த இரவில் என்ன நடந்தது என்று பெர்ரி சொல்லும்வரை அவன் உயிரோடிருப்பது எழுத்தாளருக்குத் தேவையாக இருந்தது. படத்தில் அவர்களுக்கு வழக்குரைஞர் தேடித் தருகிறார். சொல்லி முடித்த பிறகு புத்தகத்துக்கு மிச்சமிருந்தது கடைசி அத்தியாயம் ஒன்றுதான், அதைச் சட்டம்தான் எழுத வேண்டியிருந்தது. மேல்முறையீடுகள் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய்ப் போய்த் திரும்பின. ஒவ்வொரு முறை தூக்கு தள்ளிப்போகும்போதும், இது தன்னை வதைக்கிறது என்று கபோட்டி நண்பர்களிடம் புலம்புகிறார். சிறையிலிருந்து வரும் தந்திகளுக்குப் பதில் போடாமல் படுத்துக்கிடக்கிறார். 1965 ஏப்ரல் 14 அன்று இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கர் இதழில் தொடர் வெளிவரத் தொடங்கிவிட்டது.

உங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்ததன் காரணம், அன்பு உண்மையாக இருந்தால் சூழ்ச்சி இருக்க முடியாது, சூழ்ச்சி இருந்தால் அன்பு பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் எண்ணிப் பழகியிருப்பதுதான். படம் அந்த வசதியை நமக்குத் தருவதில்லை. அங்கே அன்பு மெய்யாகவே இருக்கிறது, அந்த அன்புதான் தூண்டிலுமாக இருக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழித்துவிட முடியாது.

என் இளமையில், மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் ‘சால்’ என்னும் ஒற்றையறை வீடுகளின் வரிசை ஒன்றில் குடியிருந்தபோது, பக்கத்து அறைத் தமிழ்க் குடும்பத்தின் மூத்த பையன் ஒரு கொலை வழக்கில் சிக்கினான். ஒரு நிருபர் பத்து நாள் போல வந்தார். அந்த அம்மாள் கையால் காப்பி வாங்கிக் குடித்தார். ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் அவருக்குப் பதிலாக நின்று மண்ணெண்ணெய்கூட வாங்கி வந்தார். கட்டுரை வந்ததும், எழுதப்படிக்கத் தெரியாத அந்த அம்மாள் அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டு, “எல்லாம் நான் சொன்னதுதான் தம்பி. ஆனா இதுக்காகவா அவர் வரிசையில நின்னார்?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அந்த நிருபரைக் கேட்டிருந்தால் அவருக்குமே தெரிந்திருக்காது என்றுதான் இன்று தோன்றுகிறது.

விவாதத்துக்கு இன்னொரு செய்தியும் எடுத்துப் போங்கள். மனைவியையும் இரு மகள்களையும் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஜெஃப்ரி மெக்டொனால்டு என்ற அமெரிக்க மருத்துவர், தன் நண்பனாகப் பழகிக்கொண்டே தனக்கு எதிராகப் புத்தகம் எழுதியதாக ஓர் எழுத்தாளர்மீது வழக்குத் தொடுத்தார். ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. 1987-இல் 3,25,000 டாலர் கொடுத்து அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. குற்றவாளி என்று தீர்ப்பான ஒருவரிடம்கூட எழுத்தாளருக்கு ஒரு கடன் இருக்கிறதோ என்று அந்த ஜூரிகள் தடுமாறியிருக்கிறார்கள்.

கபோட்டியின் புத்தகம் முழுக்க உண்மை என்று அவரே சொன்னாராமே? படமும் உண்மைதானா?
*– டோம்பிவிலி வாசகர்*

கேட்ட உரையாடலில் 94 சதவீதம் அப்படியே தனக்கு நினைவிருக்கும் என்று படத்தில் பார்ப்பவரிடமெல்லாம் கபோட்டி சொல்லிக்கொள்கிறார். வாழ்விலும், பேட்டியின்போது குறிப்பெடுப்பதில்லை, ஒலிப்பதிவுக் கருவி வைத்துக்கொள்வதில்லை என்று பெருமையாகச் சொன்னவர் அவர். தன் புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்றும் சாதித்தார். 1966-இல் புத்தகம் வந்த அதே ஆண்டில் எஸ்குவயர் இதழில் ஒரு கட்டுரையாளர் கான்சாஸுக்கே போய் விசாரித்து, பல இடங்கள் பொருந்தவில்லை என்று காட்டினார். புத்தகத்தின் கடைசியில், துப்பறியும் அதிகாரி ஆல்வின் டூயி கல்லறைத் தோட்டத்தில் நான்சியின் தோழியைச் சந்தித்துப் பேசும் அழகான காட்சி நடக்கவே இல்லை. தூக்குமேடையோடு முடிக்க மனம் வராமல், அவரே கற்பனையாக ஒரு காற்றோட்டமான வெளியை உண்டாக்கிக்கொண்டார் போலும்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது, உண்மையை வளைத்த ஒருவரை எடைபோடும் படமும் தன் வசதிக்கு உண்மையை வளைத்திருப்பது. தூக்கிலிடும் நாளில் கபோட்டியோடு கான்சாஸுக்கு வருபவராக நியூயார்க்கர் ஆசிரியர் வில்லியம் ஷானைப் படம் காட்டுகிறது. உண்மையில் உடன் போனவர் ராண்டம் ஹவுஸ் பதிப்பக ஆசிரியர் ஜோசப் ஃபாக்ஸ். அதன் பிறகு கபோட்டி எந்தப் புத்தகத்தையும் முடிக்கவில்லை என்று கடைசியில் திரையில் எழுத்து ஓடுகிறது; 1980-இல் அவருடைய தொகுப்பு நூல் ஒன்று வெளிவந்திருக்கிறது. பெரிதாக அறிவித்த நாவலை அவர் முடிக்காமலே 1984-இல் இறந்தார் என்பது மெய். அதை மட்டும் சொல்லியிருந்தாலும் படத்துக்கு ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் தண்டனை முழுமையாக இருக்க வேண்டும் என்ற ஆசை திரைக்கதைக்காரரையும் பிடித்துக்கொண்டது. இன்னொன்றும் சொல்லலாம்: நாம் கான்சாஸ் என்று பார்த்து மயங்கும் அந்தப் பனி படர்ந்த வயல்வெளி கனடாவின் வின்னிபெக் பக்கத்தில் எடுத்தது. அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன்.

ஹார்ப்பர் லீதான் பாதிப் புத்தகத்தை எழுதினார் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
*– வாசி வாசகி*

எழுதவில்லை. அலபாமாவில் மன்ரோவில் என்ற ஊரில் சிறு வயதில் கபோட்டியின் பக்கத்து வீட்டுக்காரர் அவர்; தன் முதல் நாவலான ‘டு கில் எ மாக்கிங்பேர்டை’ முடித்துவிட்டு, அது அச்சில் வருவதற்கு முன் கிடைத்த இடைவெளியில் உதவியாளராக உடன் போனார். வெல்வெட்டும் நீண்ட கழுத்துத்துணியுமாக வந்து இறங்கிய கபோட்டியை வாசலிலேயே நிறுத்திய வீடுகள், லீயை அடுப்படிவரை அழைத்து உட்காரவைத்துப் பேசின. அவர் தட்டச்சு செய்து கொடுத்த குறிப்புகள் சுமார் 150 பக்கம். அந்த நாவல் 1960-இல் வெளிவந்து மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. கபோட்டி தன் புத்தகத்தை லீக்கும் தம் துணைவர் ஜாக் டன்ஃபிக்கும் சேர்த்துச் சமர்ப்பணம் செய்ததோடு சரி. லீயின் உழைப்பைத் தனியே எடுத்துச் சொல்லவில்லை.

கேத்தரின் கீனர் ஏற்றிருக்கும் அந்தப் பாத்திரத்தை இன்னொரு முறை கவனித்துப் பாருங்கள். ரயிலில் ஒரு பணியாள் கபோட்டியைப் புகழ்ந்து பேசியதும், காசு கொடுத்துப் பேசவைத்தாய் என்று உடனே கண்டுபிடித்துவிடுகிறார். எல்லாம் முடிந்தபின் தொலைபேசியில், அவர்களைக் காப்பாற்றத் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று கபோட்டி சொல்லும்போது, இருக்கலாம், ஆனால் நீ காப்பாற்ற விரும்பவில்லை என்று லீ சொல்லும் இடத்தில் குரல் உயரவே இல்லை. ஆஸ்கர் விருது கபோட்டியாக நடித்த பிலிப் சீமோர் ஹாஃப்மனுக்குப் போனது முறைதான்; என் மனத்தில் நின்றவர் கீனர்.

கபோட்டியைப் பற்றி அடுத்த ஆண்டே இன்னொரு படமும் வந்ததே, எதைப் பார்ப்பது?
*– சயான் வாசகர்*

‘இன்ஃபேமஸ்’, 2006. அதில் டோபி ஜோன்ஸ் தோற்றத்தில் கபோட்டிக்கு இன்னும் நெருக்கம். பெர்ரியாக வருபவர் டேனியல் கிரெய்க். கலகலப்பான படம். ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் முதலாவதையே பாருங்கள்.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது குற்றவாளியைச் சிறையில் சந்தித்துப் புத்தகம் எழுதுவது நம் நாட்டில் நடக்குமா? சட்டம் விடுமா?
*– இளம் வழக்குரைஞர், தாராவி*

உங்களுக்கு நான் சட்டம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. நடந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

கிளட்டர் குடும்பம் கொல்லப்பட்ட அதே 1959-இல், ஏப்ரல் 27 அன்று, இந்தப் பம்பாயில் கடற்படை அதிகாரி கவாஸ் நானாவதி, தன் மனைவியோடு உறவு வைத்திருந்த பிரேம் அஹுஜாவைச் சுட்டுக் கொன்றார். கான்சாஸ் விசாரணை நடந்த 1960 மார்ச்சில்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் நானாவதிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதற்கு முன்பு ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவரைக் குற்றமற்றவர் என்று சொல்லியிருந்தார்கள். ‘பிளிட்ஸ்’ வார இதழ் அவரை வீர நாயகனாகவே ஆக்கிவிட்டிருந்தது. இங்கே எழுத்து தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை, தீர்ப்புக்கு முன்னால் ஓடியது.

நம் காலத்துக்கு வந்தால், 1993 மார்ச் 12 அன்று இங்கே நடந்த குண்டுவெடிப்புகளைப் பற்றி ஹுசைன் ஜைதி எழுதிய ‘பிளாக் ஃபிரைடே’ 2002-இலேயே புத்தகமாக வந்துவிட்டது. அதை வைத்து அனுராக் காஷ்யப் எடுத்த படமோ, விசாரணையைப் பாதிக்கும் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் நீதிமன்றம் போனதால் நிறுத்திவைக்கப்பட்டு, அந்த வழக்கை விசாரித்த தடா சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புகளை அறிவித்த பிறகு 2007 பிப்ரவரியில்தான் திரைக்கு வந்தது. அச்சுக்குக் கிடைத்த இடம் திரைக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருவது தமிழ்நாட்டு வழக்குத்தான். மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிட முற்பட்டபோது, காவல்துறை, சிறைத்துறை அதிகாரிகளோடு அவருக்கிருந்த தொடர்புகள் அதில் இருந்ததால், சிறைத்துறைத் தலைமை அதிகாரி அதைத் தடுக்க முயன்றார். உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபரில் தந்த தீர்ப்பில், வெளியாவதற்கு முன்பே அரசோ அதிகாரிகளோ தடை போட முடியாது என்றும், பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு அவர் வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமலும் வெளியிடலாம், அதைத் தாண்டினால் அந்தரங்க உரிமையில் தலையிட்டதற்குப் பதில் சொல்ல நேரிடலாம் என்றும் சொன்னது. 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

கபோட்டி படத்தில் உங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய காட்சி ஒன்று: சிறைத் தலைவரின் மேசைமேல் பணம் வைத்த உறையை வைத்துத்தான் அவர் தடையில்லாத சந்திப்பு அனுமதியைப் பெறுகிறார். தூக்குத் தண்டனைக் கைதியோடு அத்தனை மணி நேரம் தனியே பேசி எழுதப்பட்ட ஒரு நூல் அந்த உறையில் தொடங்கியது என்று படம் பூசி மெழுகாமல் சொல்கிறது.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் கிராமத்தில் 1970-களில் என் தாத்தா வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர் தண்டனை முடிந்து வந்து இறந்துவிட்டார். அவருடைய மகன் இன்னும் அதே ஊரில் இருக்கிறார். இந்தக் கதையை எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைக்கிறேன். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு பயம் வந்துவிட்டது. எழுதலாமா?
*– மாகிம் வாசகி, பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்*

எழுதுங்கள். கபோட்டிக்கு இல்லாத ஒன்று உங்களுக்கு இருக்கிறது. யாரும் சாக வேண்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை வைத்து முதல் வரியைத் தொடங்கிவிடாதீர்கள். ஐம்பது ஆண்டுகளில் ஒரு கொலைக்கதை எத்தனை முறை மெருகேறியிருக்கும் என்பதை உங்கள் சித்தப்பாவையும் பெரியப்பாவையும் தனித்தனியே கேட்டாலே தெரிந்துவிடும். மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். சாட்சிகளின் வாக்குமூலக் கட்டுகளை இத்தனை காலத்துக்குப் பிறகு அழித்திருக்கக்கூடும். தீர்ப்பு கிடைக்க வாய்ப்புண்டு. உயர் நீதிமன்றம்வரை போயிருந்தால் சட்ட இதழ்களில் பதிவாகியிருக்கிறதா என்று ஒரு வழக்குரைஞரைத் தேடிப்பார்க்கச் சொல்லுங்கள். வரப்புத் தகராறு முதற்கொண்டு நீங்கள் கேட்டறியாத பல விவரங்கள் அதில் இருக்கும். உங்கள் தாத்தாவுக்குச் சாதகமில்லாத ஒன்றிரண்டும் இருக்கலாம், அவற்றையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த மகனைப் போய்ப் பாருங்கள். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதை வாசற்படியிலேயே சொல்லிவிடுங்கள், நோட்டுப் புத்தகம் கையில் தெரியட்டும். அவர் பேசமாட்டேன் என்றால் திரும்பி வந்து, பேச மறுத்தார் என்று எழுதுங்கள். கடிதத்தின் ஓரத்தில், தாத்தாவின் கடைசி மகளான உங்கள் அத்தை அந்த வீட்டுப் பெண்களோடு இன்றும் கோயிலில் பேசிக்கொள்வதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்; ஹோல்கோம்பில் கபோட்டிக்குக் கதவு திறந்தது லீயின் பொருட்டுத்தான்.